கரண்ட் போனா போன் அடிக்கணும்: அலாரத்துக்கு எந்த நெட்வொர்க்?

மங்களூர்னு சொன்னதும் கர்நாடகாவுக்குப் போயிடாதீங்க. இது நம்ம கடலூர் மாவட்டத்து மங்களூர். விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையுற ஊர்.

இந்தப் பக்கம் ஒரு பிராய்லர் கோழிக் கொட்டகை இருக்குன்னு வச்சுக்குங்க. ஓனர் வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி. மே மாசம், ராத்திரி 2 மணி, கரண்ட் போயிடுச்சு, ஃபேன் நின்னுடுச்சு. நெருக்கமா வளர்ற கோழிகள் காத்து இல்லாம ரொம்ப நேரம் தாங்காது. ஓனர் காலையில எழுந்து வந்து பார்த்தா ஒரு பேட்ச் மொத்தமும் போயிருக்கலாம். விருத்தாசலம் பீங்கான் சூளைகளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. சூளை எரியுறப்போ ப்ளோயர் நின்னா சூடு தாறுமாறாகி உள்ளே அடுக்கின சரக்கு வீணாகும்.

"கரண்ட் போனா போனுக்குத் தகவல் வரணும்" என்பது நம்ம மினி ப்ராஜெக்ட் லிஸ்ட்ல வருஷா வருஷம் வர்ற தலைப்புதான். கரண்ட் போனதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். அந்தத் தகவலை எந்த வழியா அனுப்புறதுன்னு முடிவு பண்றதுலதான் பாதி ப்ராஜெக்ட் தோத்துப் போகுது.

முதல்ல சென்சார்

பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர் ஒண்ணு போதும். அதோட அவுட்புட்டை ரெண்டு ரெசிஸ்டர் வச்சு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி இஎஸ்பி32 பின்னுல கொடுங்க. பின் லோ ஆச்சுன்னா கரண்ட் போச்சு. 230 வோல்ட்டை நேரா தொடவே வேண்டாம்.

ஆனா சார்ஜரை எங்கே சொருகுறீங்க என்பது முக்கியம். ஓனர் வீட்டு ஹால்ல சொருகினா, கொட்டகையில எம்சிபி ட்ரிப் ஆனது தெரியாது. ஃபேனுக்குப் போற லைன்ல, எம்சிபிக்கு அப்புறம் இருக்கணும். த்ரீ ஃபேஸ் லைனா இருந்தா மூணு ஃபேஸுக்கும் தனித்தனி சென்சார் வேணும். ஒரு ஃபேஸ் மட்டும் போறது நம்ம ஊர்ல சகஜம். அப்போ லைட் எரியும், மோட்டார் கருகும். போர்டுல கை வைக்கிற வேலையை எலக்ட்ரீசியன்கிட்ட விடுங்க.

வழி 1: வைஃபை

செலவு கம்மி, கோடும் சுலபம். சிக்கல் என்னன்னா, கரண்ட் போனா ரௌட்டரும் சேர்ந்து போகும். "கரண்ட் இல்லை"ன்னு சொல்ல வேண்டிய ஆளே மயக்கம் போட்டு விழுந்த மாதிரி. ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் வச்சாலும், தெருவுல இருக்கிற கேபிள்காரர் பெட்டிக்கு பேக்கப் இல்லைன்னா நெட் கட்தான்.

இதுக்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கு. கரண்ட் இருக்கும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வருக்கு "இருக்கேன்"னு ஒரு சிக்னல் அனுப்புங்க. தொடர்ந்து அஞ்சு சிக்னல் வரலைன்னா, எங்கேயோ இருக்கிற சர்வர் உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். இங்கே பேச்சு இல்லை என்பதே தகவல். குறை என்னன்னா, போனது கரண்ட்டா, நெட்டா, உங்க போர்டான்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது.

வழி 2: 2ஜி மாட்யூல்

லேப்ல எல்லாரும் எடுக்கிறது சிம்800எல். விலை குறைவு. ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. இதுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேணும், சிக்னல் அனுப்புற நொடியில 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவோட 5 வோல்ட் பின்ல மாட்டிட்டு "மாட்யூல் ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கு"ன்னு புலம்புறவங்க நிறைய. ஒரு நல்ல 18650 லித்தியம் செல், பக்கத்துல 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், சார்ஜ் பண்ண ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். கரண்ட் போன பிறகும் ஓட பேட்டரி எப்படியும் வேணும்.

அடுத்தது சிம். ஜியோகிட்ட 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. ஜியோ சிம்மைப் போட்டுட்டு நாள் முழுக்க சிக்னலுக்குக் காத்திருந்தாலும் வராது. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல்தான் வழி. ஆனா 2ஜி எத்தனை நாளைக்கு? அமெரிக்காவுல ஏடிஅண்ட்டி 2017 தொடக்கத்துலயும், சிங்கப்பூர் 2017 ஏப்ரல்லயும் மூடிட்டாங்க. டெமோவுக்கு 2ஜி சரி. பத்து வருஷம் சுவத்துல தொங்கப் போற சாதனத்துக்கு யோசிக்கணும்.

வழி 3: 4ஜி மாட்யூல்

ஏ7670 மாதிரி மாட்யூல்கள் 2ஜியை விட விலை கூட, ஆனா நாளைக்கும் ஓடும். வாங்கும்போது பேண்ட் பாருங்க. ஜியோன்னா 3, 5, 40 இருக்கணும். ஜியோவுல கால் போகணும்னா வோல்ட்டி வேணும். நீங்க வாங்குற வெர்ஷன்ல அது இருக்கான்னு பார்த்துக்குங்க. டேட்டா மட்டும் ஓடி கால் போகாத மாட்யூலும் உண்டு.

லோரா எங்கேன்னு கேப்பீங்க. இந்தியாவுல 865–867 மெகாஹெர்ட்ஸ்ல லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம். ஆனா அது கொட்டகையில இருந்து வீட்டு கேட்வே வரைக்கும்தான். அங்கிருந்து போனுக்குப் போக மறுபடியும் மேலே சொன்ன மூணுல ஒண்ணு வேணும்.

எஸ்எம்எஸ்ஸா, காலா?

ராத்திரி 2 மணிக்கு எஸ்எம்எஸ் யாரையும் எழுப்பாது. டெலிகிராம் மெசேஜும் அப்படித்தான். கால் எழுப்பும். கொட்டகை நம்பரை 'கொட்டகை'ன்னு சேவ் பண்ணி தனி ரிங்டோன் வைங்க. அந்தப் பேர்ல ரிங் வந்தாலே விஷயம் புரிஞ்சிடும், எடுக்கக்கூட வேண்டாம். முதல் ஆள் எழுந்திரிக்கலைன்னா ரெண்டாவது ஆளுக்கு அடிக்கட்டும். எந்த ஃபேஸ் போச்சுங்கிற விவரத்தை அப்புறமா எஸ்எம்எஸ்ல அனுப்பலாம். மிஸ்டு கால்ல வேலை வாங்குறது நம்ம விவசாயிகளுக்குப் புதுசு இல்லை. புனேவைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வாலோட 'நானோ கணேஷ்', பம்ப்செட்டுல கரண்ட் இருக்கான்னு போன் வழியாவே தெரிஞ்சுக்க வழி பண்ணுச்சு.

வெப்சைட் கேட்வே வழியா எஸ்எம்எஸ் அனுப்ப நினைச்சா டிஎல்டி பதிவு, டெம்ப்ளேட் அனுமதின்னு இழுக்கும். சொந்த சிம்ல இருந்து வீட்டு ஆட்களுக்கு அனுப்ப அது தேவையில்லை.

டவரும் ரீசார்ஜும்

ஊருக்கே கரண்ட் போனா செல் டவரும் பேட்டரியிலதான் ஓடும். அந்த பேட்டரி தீர்றதுக்குள்ள தகவல் போயிடணும். அதனால 30 விநாடி காத்திருந்து, அது சும்மா ஒரு சிமிட்டல் இல்லைன்னு உறுதி ஆனதும் உடனே அனுப்புங்க. ரெண்டு கம்பெனி சிம் போட்டா பாதுகாப்புன்னு நினைக்கலாம். ஆனா ஒரே டவர்ல பல கம்பெனிகள் இருக்கிறது வழக்கம். உங்க ஊர்ல தனித்தனி டவரான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

புயல் தனிக்கதை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைச் சாய்ச்சப்போ எந்த அலாரமும் தேவைப்படலை. நம்ம சாதனம் அமைதியான ராத்திரியில ட்ரிப் ஆகுற எம்சிபிக்காக.

இதையெல்லாம் விட அதிகமா அலாரத்தைக் கொல்றது வேலிடிட்டி தீர்ந்த சிம். 2024 டிசம்பர்ல ட்ராய் உத்தரவு போட்ட பிறகு டேட்டா இல்லாத, கால்–எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகள் வந்திருக்கு. நீண்ட வேலிடிட்டி உள்ளதை எடுங்க. வாரம் ஒரு தடவை "நல்லா இருக்கேன்"னு சாதனம் எஸ்எம்எஸ் அனுப்பணும். ஞாயித்துக்கிழமை அது வரலைன்னா போய்ப் பாருங்க.

அப்போ எது?

வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வைஃபையும் "இருக்கேன்" சிக்னலும் போதும். கொட்டகை, சூளைன்னா பேட்டரியோட 4ஜி மாட்யூல், முதல்ல கால், கூடவே அதே "இருக்கேன்" சிக்னல். ஒண்ணு தவறினா இன்னொண்ணு பிடிக்கும்.

அரசோட இவின் திட்டத்துல தடுப்பூசி ஃப்ரிட்ஜுகளைச் சிம் போட்ட லாகர்கள் கண்காணிக்குது. அது பார்க்கிறது 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய வெப்பநிலையை. கெட்டுப்போறது எதுவோ அதையே அளக்கிறாங்க. கொட்டகைக்கும் ஒரு டெம்பரேச்சர் சென்சார் சேர்த்துப் பாருங்க. கரண்ட் இருந்தும் ஃபேன் ஓடாத ராத்திரியை அதுதான் சொல்லும்.

கடைசியா, ரிவ்யூவுல ப்ளக்கைப் பிடுங்கிக் காட்டுறது எல்லாரும் பண்றதுதான். அதுக்கு முன்னாடி நீங்க சிம்மைப் பிடுங்குங்க, ஆன்டெனாவைக் கழட்டுங்க, ரௌட்டரை ஆஃப் பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் யாருக்காவது தகவல் போகுதான்னு பாருங்க. போனா, அதைத் தைரியமா கொட்டகையில மாட்டலாம்.