அடிமரம் விடும் மூச்சு

முருங்கைக் கிளையை விரலால் தடவினால் பட்டையில் அங்கங்கே சிறு மேடுகள் தட்டுப்படும். அவைதான் பட்டைத்துளைகள். மற்ற இடங்களில் தக்கைச் செல்கள் நெருக்கமாக அடுக்கி, சூபரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் பூசி, நீரும் காற்றும் எளிதில் நுழையாதபடி அடைத்திருக்கும். இங்கு மட்டும் செல்கள் தளர்ந்து, இடைவெளி விட்டுக் கிடக்கும். உருளைக்கிழங்கும் ஒரு தண்டுதான். அதன் தோலில் உள்ள புள்ளிகளும் இவையே. ஈரம் மிஞ்சிய மண்ணில் விளைந்த கிழங்கில் அவை வெள்ளைப் பருக்களாகப் புடைத்து நிற்கும்.

இலைத்துளைக்கு இருப்பதுபோல் இவற்றுக்குக் காப்பு செல்கள் கிடையாது. வேண்டும்போது மூடித் திறக்க வழியில்லை. காற்றை இழுத்து விடுவதும் இல்லை. செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வாயு தானாகப் பரவுகிறது, அவ்வளவுதான்.

வைரம் பாய்ந்த நடுக்கட்டை உயிரற்றது. அதற்குச் சுவாசம் வேண்டாம். ஆனால் பட்டையை ஒட்டி, உணவு கடத்தும் ஃபுளோயமும் புதுச் செல்களை உருவாக்கும் கேம்பியமும், வெளிக்கட்டையில் உள்ள உயிர்ச் செல்களும் இரவு பகலாகச் சர்க்கரையைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகின்றன. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்த வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். வெளிக்காற்றில் இந்த வாயு சுமார் 0.04 சதவீதம். அடிமரத்துக்குள்ளோ, 1 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து 26 சதவீதத்துக்கு மேல் வரை பல மரங்களில் அளந்திருக்கிறார்கள். ராபர்ட் டெஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2008-இல் இதைத் தொகுத்து எழுதினார்கள்.

அடிமரச் சுவாசத்தை அளக்க, பட்டைமீது காற்றுப்புகாத பெட்டி ஒன்றைப் பொருத்தி, வெளிவரும் வாயுவைக் கணக்கிடுவது வழக்கம். வெயில் ஏற ஏற அளவும் ஏற வேண்டும் அல்லவா? பல மரங்களில் உச்சிவேளையில் எதிர்பார்த்த அளவு வருவதில்லை. காரணம், அந்த நேரத்தில்தான் வேரிலிருந்து இலைக்கு நீர் விரைந்து ஏறுகிறது. வாயுவில் ஒரு பங்கு அதில் கரைந்து மேலே போய்விடுகிறது. வேர் வெளிவிட்ட வாயுவும் அதே நீரோடு கீழிருந்து வந்து சேர்கிறது. ஆகவே பெட்டி காட்டும் எண்ணை அந்த இடத்துச் சுவாசத்தின் அளவு என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த சிக்கல் இதுதான்.

பெட்டியின் கணக்கில் இன்னொரு கசிவும் உண்டு. நட்ட முருங்கைப் போத்தில் உயிர் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பார்களே, அப்போது தெரியும் பச்சை, பச்சையமேதான். பட்டை வழியே ஊடுருவும் கொஞ்ச வெளிச்சத்தைக் கொண்டு, வெளியேறப் பார்க்கும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியை அது மறுபடி சர்க்கரையாக்கிவிடும். அதனால்தான் சுவாசத்தை மட்டும் அளக்க விரும்பும் ஆய்வாளர்கள் பெட்டிக்குள் ஒளி புகாமல் மறைத்துவிடுகிறார்கள். அலுமினியத் தாள் சுற்றினாலே போதும்.