புதுப் பாகம் போட்டும் பிரேக் பிடித்துக்கொள்கிறதா?

கேள்வி: 'கொல்லிமலையில் மிளகும் வாழையும் வைத்திருக்கிறோம். அப்பா காலத்துப் பழைய ஜீப்பில்தான் விளைச்சலைக் கீழே இறக்குகிறோம். போன மாதம் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் ஷூ எல்லாம் புதிதாக மாற்றினோம். காலையில் வண்டி நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரத்தில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது, டிரம் கொதிக்கிறது. சற்று நிறுத்தி வைத்தால் விட்டுவிடுகிறது. மறுபடியும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?'

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இலை மஞ்சளானால், காரணம் பார்க்காமல் மருந்து அடிக்கக் கூடாது என்று எப்போதும் சொல்லி வருகிறோம். பிரேக்குக்கும் அதே விதிதான். காரணம் தெரியும் வரை அந்த வண்டியை மலையில் இறக்கவும் வேண்டாம். பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக்கின் சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவியாகும். அதன் பிறகு பெடலை மிதித்தால் வெறுமனே உள்ளே போகும். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில், பின்னால் ஆட்களோடு இறங்கும்போது இப்படி நடந்தால் உயிர் தப்புவது கடினம்.

எந்தச் சக்கரம்?

வண்டியைச் சமதளத்தில் பிடிக்கும் வரை ஓட்டி நிறுத்துங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். உறுதியான ஸ்டாண்டு வேண்டும்.

நான்கும் பிடித்தால், கோளாறு பொது இடத்தில், அதாவது பெடலிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் என்றால் அந்தச் சக்கரத்தில். பின் இரண்டும் என்றால் பின் ஆக்சிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும், ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள். மிகப் பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. பின் ஷாப்டில் தனி டிரம்மாக இருக்கும். அதையும் தொட்டுப் பாருங்கள்; சுடுகிறதா என்று கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

நிப்பிள் சோதனை

பிடித்த சக்கரத்தில், காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். எண்ணெய் சூடாக இருக்கும். முகத்தை விலக்கி, துணி பிடித்துச் செய்யுங்கள். எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் உடனே சுற்றினால் குழாய்க்குள் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சுற்றவில்லை என்றால் எண்ணெயில் குற்றம் இல்லை. ஷூ மிக நெருக்கமாக அட்ஜஸ்ட் ஆகியிருக்கலாம். முன் ஷூவும் பின் ஷூவும் இடம் மாறியிருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்தோ, தவறான கொக்கியில் மாட்டியோ இருக்கலாம்.

அழுத்தம் அடைபட்டிருந்தால், அடுத்த முறை பிடிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு அங்கே. விடாமல், நிப்பிளில் மட்டும் விட்டால் நடுவில் உள்ள ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கும்: காலின் பலத்தில் எண்ணெய் போகும், திரும்பி வராது.

மடை திறக்கிறதா?

நீங்கள் சொல்லும் அடையாளம், அதாவது சூடானால் பிடிப்பதும் ஆறினால் விடுவதும், பெரும்பாலும் ஒரே இடத்தைக் காட்டுகிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள், எண்ணெய்த் தொட்டிக்குப் போகும் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து இந்த மடையைத் திறக்க வேண்டும். சூட்டில் விரியும் எண்ணெய் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பும். புதுச் சிலிண்டர் போடும்போது புஷ் ராடின் நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டால், பிஸ்டன் கொஞ்சம் முன்னாலேயே நின்று மடையை மூடிவிடும். விரிந்த எண்ணெய் போக இடமின்றி ஷூவைத் தள்ளும். இன்னொரு புதுச் சிலிண்டர் போட்டாலும் இதே கதைதான்.

பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். ராடு பிஸ்டனைத் தொடும் முன் பெடல் சுமார் அரை அங்குலம் சும்மா போக வேண்டும். போகவில்லை என்றால் லாக் நட்டைத் தளர்த்தி ராடைக் குறையுங்கள். பெடல் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, புஷ் துருப்பிடித்தாலோ, மிதியடி தடுத்தாலோ இதே கோளாறு வரும். சரிசெய்த பின் தொட்டி மூடியைத் திறந்து, ஒருவரை மெதுவாகப் பெடலைத் தொடச் சொல்லுங்கள். மிதிக்கும் தொடக்கத்தில் எண்ணெயில் சிறு குமிழ்ப்பு எழுந்தால் மடை திறந்திருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்தே பாருங்கள்.

டப்பா மாறினால்

கொட்டகையில் டிராக்டர் எண்ணெய், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் ஒரே மூலையில்தான் இருக்கும். இன்ஜின் ஆயிலைப் பிரேக் தொட்டியில் ஊற்றினாலோ, பாகங்களை டீசலில் கழுவினாலோ ரப்பர் கப்கள் ஊதி அதே மடையை அடைக்கும். அப்படி நடந்திருந்தால் ராடு அட்ஜஸ்ட் செய்து பயனில்லை. ஹோஸ் உட்பட எல்லா ரப்பரையும் மாற்றி, குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய ஜீப்புக்கு டாட் 3 பிரேக் ஆயில் போதும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் உறிஞ்சினால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து வைத்த டப்பாவை வாங்காதீர்கள்.

டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

எல்லாம் முடிந்து காற்று எடுத்த பின், சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டி நான்கு டிரம்மின் சூட்டையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவாக இருந்து, சக்கரம் கையால் சுற்றினால் மட்டும் பாரம் ஏற்றுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள். இத்தனைக்கும் பிறகு மாஸ்டர் சிலிண்டரில்தான் கோளாறு என்று தெரிந்தால், அப்போது மாற்றலாம்.