வீட்டினுள் வரும் நத்தையும் வளர்ப்புப் பிராணிகளும்

கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, எமது வகுப்பு மாணவி ஒருவர் கண்கலங்கி வந்து, "சேர், எங்கட நாய்க்குட்டி செத்துப்போகுமோ?" என்று வினவினார். முதல்நாள் இரவு நாயின் உணவுத் தட்டில் ஓடில்லாத நத்தையொன்று ஊர்ந்திருக்கிறது. அதனைக் கண்ட அம்மம்மா, ஊர்ப் பழக்கப்படி ஒரு பிடி உப்பை அள்ளித் தூவினார். நாய்க்குட்டி அந்த உப்பை நக்கிவிட்டு இரவு முழுவதும் வாந்தியெடுத்தது. மிருக வைத்தியரின் உதவியால் அது பிழைத்துக்கொண்டது.

அம்மம்மாவை நாம் குறைகூற மாட்டோம். ஊரிலே தோட்டத்தை அழித்த ஆபிரிக்கப் பெருநத்தைக்கு நாமும் உப்பிட்டவர்களே. அந்நத்தை 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. இங்கு காணப்படும் சாம்பல்நிற வயல் நத்தையும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. எம்மைப் போல அதுவும் குடிவந்ததுதான்!

நத்தையின் உடலில் பெரும்பகுதி நீர். ஓடு இல்லாமையால் அது காய்ந்துவிடாதிருக்க ஈரத்தைத் தேடுகிறது. பகலில் மறைந்து இரவில் வெளிவருகிறது. ஸ்ரௌவ்வில் நகரின் வீடுகள் பல வயல்களை அடுத்து அமைந்தவை. மழைக்காலத்தில் கதவின் அடியிலுள்ள இடைவெளி, பேஸ்மன்ற் யன்னல், குழாய் நுழையும் துவாரம் ஆகியவற்றினூடாக அது உள்ளே வந்துவிடும். இரவில் திறந்து கிடக்கும் நாய், பூனை உணவு அதற்கு நல்ல விருந்து. காலையில் கம்பளத்தில் மினுங்கும் கோட்டைப் பின்தொடர்ந்தால் வந்த வழி தெரியும். அவ்வழியை அடைப்பதே முதல் வேலை. கோடு காய்ந்தபின் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். நீர் பட்டால் வழுவழுப்பு இன்னும் கூடும்.

உப்பு நத்தையின் உடல்நீரைப் பிரசாரணத்தால் வெளியே இழுக்கிறது என்பதை மேல்வகுப்பு மாணவர் அறிவர். நத்தை துடித்துச் சாகும், நிலம் அழுக்காகும், மிகையான உப்பு நாய்க்கும் நஞ்சாகும். கையுறை அணிந்தோ கடதாசியால் பிடித்தோ வெளியே கொண்டுபோய் விடுவது எளிது. பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக.

உப்பைவிடக் கொடியது கடையில் விற்கும் நத்தைக் குளிகை. மெற்றல்டிகைட்டு என்னும் நஞ்சு கலந்த குளிகையை நாய்கள் விரும்பித் தின்னும். சில மணி நேரத்துள் நடுக்கமும் வலிப்பும் கடுங்காய்ச்சலும் உண்டாகும். அதற்கு மாற்றுமருந்து இல்லை. பிரித்தானியாவில் இதன் வெளிப்புறப் பாவனை 2022இல் தடைசெய்யப்பட்டது. இரும்புப் பொசுபேற்றுக் குளிகை இதனிலும் தீங்கு குறைந்தது. ஆயினும் பெருமளவில் தின்றால் அதுவும் கேடே. வாங்குமுன் பெட்டியிலுள்ள பெயரைப் பிள்ளைகளைக் கொண்டாவது வாசிப்பியுங்கள். நாய் தின்றுவிட்டால் காத்திராது, பெட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுக.

நத்தையைத் தின்னும் நாய்க்கு நுரையீரற் புழுவும் தொற்றலாம். கனடாவின் அத்திலாந்திக் மாகாணங்களில் நரிகளிடமும் நாய்களிடமும் இப்புழு காணப்படுகிறது. விடாது இருமும் நாயை வைத்தியரிடம் காட்டுக. மாணவர்களே, பந்தயம் பிடித்து நத்தையை விழுங்காதீர்கள்: 2010இல் அவுஸ்திரேலியாவில் அப்படிச் செய்த இளைஞர் ஒருவர், அதிலிருந்த எலி நுரையீரற் புழுவால் மூளை பாதிக்கப்பட்டு 2018இல் காலமானார்.

அம்மம்மா இப்பொழுது இரவு ஒன்பது மணிக்கே நாயின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறாராம்.