போட்டோ மீட்டுத் தந்த நடராஜர்

  

கல்லிடைக்குறிச்சி என்றதும் நமக்கு அப்பளம்தான் ஞாபகம் வரும். அந்த ஊர் குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் நடராஜர் உட்பட நான்கு சிலைகள் திருடு போயின. துப்புக் கிடைக்காமல் 1984-இல் வழக்கை மூடிவிட்டார்கள்.

நடராஜர் எங்கே போனார் தெரியுமா? ஆஸ்திரேலியாவுக்கு! அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் ஒன்று 2001-இல் அவரை விலைக்கு வாங்கியிருந்தது.

நம்ம நடராஜர்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958-இல் அந்தக் கோயிலில் எடுத்த போட்டோ இருந்தது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கணும். அதனால் ஒரு சிலை மாதிரி அச்சு அசலாக இன்னொன்று இருக்காது. போட்டோவோடு ஒப்பிட்டார்கள், உண்மை தெரிந்துவிட்டது. 37 வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில் நடராஜர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்.

எங்க தெருக் கோயிலிலும் ஒரு சின்ன அம்மன் சிலை இருக்கு. அதுக்குப் போட்டோ இருக்கா என்று தாத்தாவிடம் கேட்டேன்.

"சாமியவா போட்டோ எடுக்கச் சொல்லுத?" என்று கோபப்பட்டார்.

நடராஜர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பூசாரிகிட்ட கேப்போம்" என்றார்.

நீங்களும் உங்க ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும். உயரம், எடை, கீறல், உடைசல் எல்லாம் எழுதணும். ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியே பத்திரமாக வைக்கணும். திருடு போன பிறகு போட்டோ எடுக்க முடியாதே!