நெல்லின் இலை வெளிறல் நோயும் பற்றீரியாவின் வாயில்களும்

நெற்பயிரின் இலை நுனியிலிருந்து ஓரம் வழியாக மஞ்சள் நிறம் இறங்கி, அலை போன்ற விளிம்புடன் பரவிப் பின்னர் வைக்கோல் நிறமாகக் காயுமாயின், அதனைப் பசளைக் குறைவெனக் கருதி மேலும் யூரியா இடுவோர் உளர். நோய் பற்றீரியா இலை வெளிறலாயின் இது பெருந்தவறாகும். இட்ட நைதரசன் நோயையே வளர்க்கும்.

1884ஆம் ஆண்டில் யப்பானின் கியூசுத் தீவில் முதன்முதல் அறியப்பட்ட இந்நோயை உண்டாக்குவது சாந்தோமோனாசு ஒரைசே என்னும் பற்றீரியாவாகும். விடியற்காலையில் இலையோரத்தில் நீர் துளிர்க்கும் நுண்துளைகள் வழியாகவும், காற்றில் இலைகள் உராய்வதாலும் நாற்று நுனியை வெட்டி நடுவதாலும் உண்டாகும் காயங்கள் வழியாகவும் இது உட்புகுந்து, நீர் செல்லும் குழாய்களிற் பெருகுகின்றது.

இப்பற்றீரியாவுக்கு வாயுமில்லை, பல்லுமில்லை. இலையின் கலச்சுவரைக் கரைக்கும் நொதியங்களை அது தன்னுள்ளே ஆக்குகின்றது. அவை வெளியேறினாலன்றிப் பயனில்லை. ஆனால் அதன் உடலை உட்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு மென்சவ்வுகள் போர்த்துள்ளன. வெளிச்சவ்வு பெரிய பொருள்களைத் தானாக வெளியே விடுவதில்லை. ஆகவே அதில் புரதத்தாலான வாயில்கள் அமைந்துள்ளன. ஒரேவிதமான புரதத் துண்டுகள் வளையமாக நின்று ஒரு பீப்பாயை ஆக்குகின்றன. 2017இல் வாந்திபேதிக் கிருமியிலும் குடலில் வாழும் வேறொரு பற்றீரியாவிலும் இவ்வாயில் ஆராயப்பட்டபோது, ஒவ்வொரு வளையத்திலும் 15 துண்டுகள் காணப்பட்டன. பீப்பாயின் நடுவே கதவொன்றும் உண்டு. மதகுப் பலகை போன்று அது மூடியே நிற்கும். நொதியம் வந்து சேரும்பொழுதே திறக்கும். எப்பொழுதும் திறந்திருந்தால் பற்றீரியாவின் சொந்தப் பொருள்களும் ஒழுகிவிடுமன்றோ?

இவ்வாயிலின் முக்கியத்துவம் ஊகமன்று. நொதியத்தை வெளியேற்றும் இவ்வழி பழுதடைந்த நெற்பற்றீரியாக்களை ஐதராபாத் ஆராய்ச்சியாளர் 2000இல் சோதித்தனர். நொதியம் இரு சவ்வுகளுக்கும் இடையே தேங்கிற்று. நோய் உண்டாக்கும் வலிமையும் பெரிதுங் குன்றிற்று.

எனினும் சுவர் கரையும்போது சிதறும் துணுக்குகளை உணர்ந்து பயிர் எதிர்க்கத் தொடங்கும். அவ்வெதிர்ப்பை அடக்கப் பற்றீரியா வேறொரு வாயிலை வைத்திருக்கின்றது. அதில் பொருத்தப்பட்ட நுண்ணிய குழல் பயிர்க் கலத்தினுள் நேரே புரதங்களைச் செலுத்தும். அவற்றுட் சில கலத்தின் கருவை அடைந்து, வெல்லத்தை வெளியே விடும் பரம்பரையலகைத் தூண்டுகின்றன. கசியும் வெல்லம் பற்றீரியாவுக்கு உணவாகும். சில நெல்லினங்களில் அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடம் மாறியுள்ளமையால் அவை நோயைத் தாங்குகின்றன. பற்றீரியாவும் புதிய புரதங்களுடன் மாறி வருமாதலால், ஓர் இனம் என்றைக்கும் தாங்குமென நம்பியிருத்தல் தகாது.

பங்கசு நாசினிகள் பங்கசுக்களுக்கு உரியவை. இந்நோய்க்கு அவற்றை வாங்குவது வீண் செலவாகும். நோய் கண்டவுடன் நைதரசன் இடுவதை நிறுத்தி, தேங்கிய நீரை வடித்தல் வேண்டும். அந்நீர் அயல் வயலிற் பாயாதவாறு பார்த்துக்கொள்ளல் அவசியம். வரம்பிலுள்ள புற்களையும் அறுவடைக்குப் பின் துளிர்க்கும் அடிக்கட்டைகளையும் அழித்தல் நன்று.

ஐயமிருப்பின், நோயுற்ற இலையை மஞ்சளும் பச்சையும் சேருமிடத்தில் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் சிறிது நேரம் நிறுத்தி வைக்கலாம். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கலங்கல் இறங்குமாயின் அது பற்றீரியாவேயாகும்.