கடல் தாண்டிப் போய்வர எவ்வளவு ஆகும்?



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்து, டீ வந்திருந்த நேரம். சேரன்மகாதேவிப் பக்கத்துக் குழுவைச் சேர்ந்த ஓர் உறுப்பினர் எழுந்து, "மேடம், எங்கம்மா பொறந்த லயத்த ஒருக்கா பாத்துட்டு வரணும். எவ்வளவு ஆவும்?" என்று கேட்டார். அவருடைய அம்மா இலங்கை ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரில் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். திரும்ப ஒருமுறை போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே போன வருஷம் காலமாகிவிட்டார்.

உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இலங்கைக்குப் போனா அப்படியே மலேசியாவையும் பாத்துரலாம்லா!" கூட்டமே சிரித்தது. உண்மையைச் சொன்னால் நாங்களும் சிரித்துவிட்டோம். ஆடு வாங்க, பெட்டிக்கடை வைக்க, மகள் படிப்புக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற நாங்கள், ஒரு பெண் தனக்காக ஓர் ஊர் பார்க்க ஆசைப்பட்டதும் ஏன் சிரித்தோம்? அன்று இரவே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம். அந்தக் கணக்குத்தான் இது.

முதலில் ஒன்று. நம்ம பக்கத்துக்காரர்களுக்குக் கடல் தாண்டுவது புதிசு இல்லை. வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். அப்போது தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லாதான். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் போய் வேலை பார்த்துக் குடும்பம் வளர்த்தார்கள். 1914 முதல் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போகலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அப்போதெல்லாம் பிழைப்புக்குப் போனார்கள். பார்க்கப் போவது மட்டும்தான் நமக்குப் புதிசு.

வெளிநாட்டுப் பிள்ளைகள் முதுகில் ஒரே ஒரு பையை மாட்டிக்கொண்டு கன்னியாகுமரி பஸ்ஸில் நின்றபடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பேக்பேக்கிங் என்பது அதுதான். டூர் கம்பெனி கிடையாது, ஏ.சி. வேன் கிடையாது. ஊர் பஸ், ஊர் ரயில், ஊர்ச் சாப்பாடு. தங்குவது டார்மிட்டரியில். ஓர் அறையில் ஆறு அல்லது எட்டுக் கட்டில், கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை. பெண்களுக்கு மட்டும் என்று தனி அறை உள்ள இடமும் உண்டு. எட்டுப் பேர் சேர்ந்து போனால் அறை முழுவதும் நம்முடையதே. குழுவாகப் போவதில் இது பெரிய லாபம்.

முதல் வேலை பாஸ்போர்ட்

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயது தாண்டியவர்களுக்கு அதில் பத்து சதவீதம் தள்ளுபடி. பத்து வருஷம் செல்லும். ஆன்லைனில் விண்ணப்பித்து, நாள் வாங்கி, திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. இதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை.

சிக்கல் வருவது பெயரில்தான். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. சிலருக்கு இனிஷியல் அப்பா பெயரில், சிலருக்கு வீட்டுக்காரர் பெயரில். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள், பெயரை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே இப்போதே எல்லா அட்டைகளையும் ஒரே நேரத்தில் எடுத்து வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். திருத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வயதுவந்த பெண்ணுக்கு அது தேவையில்லை. (வீட்டில் சம்மதம் வாங்குவது வேறு விஷயம். அதற்குப் படிவம் எங்களிடம் இல்லை!)

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்' என்று வரும். 50 வயது தாண்டியிருந்தால் வராது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் இவர்கள் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையத்தில் கூடுதலாக நாலு கேள்வி கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் ரசீதும் கையில் இருக்கட்டும்.

எந்த மாதம்?

இதில்தான் எங்களுக்குள் ரொம்ப நேரம் பேச்சு ஓடியது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், நாகப்பட்டினம் கப்பல் நின்றுவிடும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கை மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. அதே நவம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. சரி, மாசியில் போகலாம் என்றால் பிசான அறுவடை. அதை விட்டுவிட்டு யார் வருவார்? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. சித்திரைப் பிறப்பை ஒட்டி இலங்கையிலும் தாய்லாந்திலும் அவர்களுக்கும் புத்தாண்டு. கடைகள் பூட்டியிருக்கும், பஸ்ஸில் கூட்டம் நெரியும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டேதான் நிற்க வேண்டும். கார் நடவும் வந்துவிடும். ஆக, சித்திரை பத்துக்கு மேல் கிளம்பி, வைகாசி பிறப்பதற்குள் வீடு திரும்புவது நமக்குத் தோது. பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும்.

போகும் வழி

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடியது. ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். கப்பல் காலையில் கிளம்புவதால் முந்தின நாளே போய்விட வேண்டும். வேளாங்கண்ணி பக்கத்திலேயே இருக்கிறது, மலிவாகத் தங்கலாம். கப்பல் ஓடுகிறதா என்று பணம் கட்டும் முன்னால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓடாவிட்டால் திருச்சியிலிருந்து விமானம்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர் கோயில். தமிழில் பேசியே சமாளித்துவிடலாம், அவர்கள் பேசும் தமிழ்தான் முதல் நாள் கொஞ்சம் தடுமாற வைக்கும். அங்கிருந்து பஸ்ஸில் வவுனியா, மாத்தளை வழியாகக் கண்டி, பிறகு ஹட்டன். மலைரயில் அழகானது, டிக்கெட்டும் மலிவு. ஆனால் டிட்வா புயலில் தண்டவாளங்கள் சேதமானதால் எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். ஹட்டனில் அந்தச் சகோதரிக்காக ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் அவரிடம் இருக்கிறது. அம்மாவின் பழைய காகிதத்தில் எழுதியிருக்கிறதாம்.

பிறகு கொழும்பு. அங்கிருந்து விமானத்தில் கோலாலம்பூர். பத்துமலைக்கு நகர ரயிலிலேயே போய் இறங்கலாம், சில ரிங்கிட்தான். 2006இல் திறந்த 140 அடி முருகன் சிலைக்குப் பின்னால் 272 படி. முட்டிவலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்து கும்பிடலாம். அடுத்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கே படகு ஏறினால் பினாங்கு. நடந்து வருகிறவருக்குப் படகுக்கு 2 ரிங்கிட். 1833இல் கட்டிய மாரியம்மன் கோயிலும், 1801இல் இந்திய முஸ்லிம்கள் ஏற்படுத்திய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடை தூரத்தில் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் தூக்கி விற்ற சோறுதான் இன்று 'நாசி கண்டார்' என்று பெயர் வாங்கியிருக்கிறது.

தாய்லாந்து பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் பாடாங் பெசார் போனால், ஒரே ஸ்டேஷனுக்குள் மலேசிய முத்திரையும் தாய்லாந்து முத்திரையும் வாங்கிக்கொண்டு, இன்னொரு ரயிலில் ஏறி ஒரு மணி நேரத்தில் ஹாட்யாய் போய்விடலாம். ஒரு நாட்டின் எல்லையைக் காலால் நடந்து தாண்டுவது நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் அங்கே அதிகாரி நினைத்தால் ஆளுக்கு 20,000 பாட் வரை கையிருப்புக் காட்டச் சொல்லலாம். அது 50,000 ரூபாய்க்கு மேல். கேட்காமலும் விடலாம். கேட்டுவிட்டால் நம்ம கையில் இருக்காது. பினாங்கோடு திரும்பி, கோலாலம்பூரில் திருச்சி விமானம் ஏறுவது நல்லது என்பது எங்களில் பெரும்பாலோர் எண்ணம்.

விசா விதி அடிக்கடி மாறும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்குத் தந்து, அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியது. நாம் பணம் சேர்த்து முடிக்கும்போது என்ன விதியோ, அன்றைக்குப் பார்க்க வேண்டும். இலங்கைக்கு 'இ.டி.ஏ' அனுமதி ஆன்லைனில் வாங்குவது. மலேசிய வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கிற இணையதளம் போலி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பணக் கணக்கு

இரண்டு விதமாகப் போட்டோம். எல்லாம் எங்கள் மதிப்பீடு, டிக்கெட் விலை ஏறி இறங்கும்.

இலங்கை, மலேசியா இரண்டும் சேர்த்து 14 நாள். கப்பல் 5,000, இரண்டு விமான டிக்கெட் 20,000. தங்க, இரவுக்கு 800 வீதம் 13 இரவுக்கு 10,400. சாப்பாடு நாளுக்கு 600 வீதம் 8,400. பாஸ்போர்ட் 1,500, நாகை போகவும் திருச்சியிலிருந்து வீடு வரவும் 1,000, அங்கே உள்ளூர் பஸ், ரயில் 4,500. இன்சூரன்ஸ், விசா, சிம் கார்டுக்கு 3,200. தொடக்கூடாத அவசரக் கையிருப்பு 6,000. ஆகமொத்தம் ஆளுக்கு 60,000 ரூபாய். மாதம் 2,500 வீதம் 24 மாதம்.

பீடி சுற்றி வாரக்கூலி வாங்குகிற முக்கூடல் சகோதரிக்கு மாதம் 2,500 எங்கே மிஞ்சும்? அதனால் இரண்டாவது கணக்கு: இலங்கை மட்டும், 7 நாள், போகவும் வரவும் கப்பல், ஆளுக்கு 28,000. மாதம் 1,000 வீதம் 28 மாதம். எல்லோரும் ஒரே கப்பலில் போய், ஹட்டன் வரை சேர்ந்தே இருந்து, அங்கே இரு குழுவாகப் பிரியலாம். எந்தக் குழுவிலும் நாலு பேருக்குக் குறையக் கூடாது. முதலில் சேர்த்து முடிப்பவர்கள் மற்றவர்களுக்காக நாலு மாதம் காத்திருக்க வேண்டும். நாள்காட்டியையும் அதற்கேற்ப வைத்துக்கொள்வோம்.

இதில் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சுழல்நிதி, வங்கிக் கடன், உள்கடன் எதையும் இந்தப் பயணத்துக்குத் தொடக்கூடாது. குழுக் கணக்கிலும் சேர்க்கக்கூடாது. அவரவர் பெயரில் வங்கியில் ஆர்.டி. போடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷக் கணக்கு, இதற்கு ஒத்துவராது. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்கூரை என்று பணம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லக்கூடாது. வெளியூரில் இருக்கும் இரண்டு வாரத்தில் வரும் கடன் தவணையை முன்னாலேயே கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஜன்தன் கணக்கின் ரூபே கார்டு எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பிப் போகக்கூடாது. அனுமதி பெற்ற இடத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றி, ரசீது வாங்கி, இரண்டு மூன்று பேர் பையில் பிரித்து வையுங்கள்.

பை விஷயம். மலிவு விமானத்தில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் இலவசம். மூன்று சேலை போதும், நாலாவது வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கையிலேயே வையுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது இந்த நோய்களை மறைக்காதீர்கள். மறைத்தால் பிறகு பணம் தர மறுத்துவிடலாம்.

கவனிக்க வேண்டிய ஒன்று

இந்தப் பேச்சு வெளியே பரவியதுமே ஒருவர் எங்கள் கிராமம் ஒன்றுக்கு வந்துவிட்டார். "மலேசியா கூட்டிப் போறேன், செலவு எல்லாம் என்னோடது, அங்கன போயி வீட்டு வேலை பாத்துக் கழிச்சிரலாம், பாஸ்போர்ட்ட மட்டும் எங்கிட்ட குடுங்க" என்று மூன்று பேரிடம் பேசியிருக்கிறார். ஒரு சகோதரி ஆதார் நகலைக் கொடுத்தும்விட்டார். நல்லவேளை, பிரதிநிதி எங்களுக்குப் போன் செய்தார்.

சகோதரிகளே, சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் சிறை, அபராதம். கூட்டிப்போன ஆள் காணாமல் போய்விடுவான். பாஸ்போர்ட் அவன் கையில் இருந்தால் சம்பளம் கேட்கக்கூட வாய் வராது. வேலைக்குத்தான் போக வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மத்திய அரசில் பதிவு பெற்ற முகவரா என்று முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. ஈ.சி.ஆர் பாஸ்போர்ட் உள்ள 30 வயதுக்குக் குறைந்த பெண்களை அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப விதியே இடம் தரவில்லை. பாஸ்போர்ட்டை எந்த ஊரிலும், எவரிடமும், எங்களிடமும்கூட, கொடுத்து வைக்காதீர்கள். நகல் மட்டும் தாருங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர்ப் பட்டியல் எழுத இருக்கிறோம். பெயர் கொடுக்கிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அது, எல்லாவற்றின் நகலையும் கொண்டு வரவும். எழுத்து வித்தியாசத்தை அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம். இதுவரை வாய்மொழியாகப் பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஹட்டன் சகோதரி ஏற்கெனவே ஆர்.டி. போட்டுவிட்டார், முதல் மாதம் ஆயிரம் ரூபாய்.