கால்நடைகளின் நலத்தை உணர்த்தும் மூலக்கூறுகள்

மடி வீங்கிப் பால் திரிந்து வருமாயின், அது மடிநோய் என்பதை எவரும் அறிவர். மடி வீங்காமலும் பாலின் நிறம் மாறாமலும் மறைந்திருக்கும் மடிநோயோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கறவை குறைந்ததற்குத் தீவனத்தைக் காரணமாகக் கருதி உரிமையாளர் வாளாவிருந்துவிடுவார்.

1957-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்போர் வெளியிட்ட சோதனை இக்குறையைப் பெரிதும் போக்கிற்று. நான்கு குழிகளுள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே எடுத்து, சம அளவு சோதனைக் கரைசல் சேர்த்துச் சுழற்றினால், நோயுற்ற பால் கூழ்போல் தடிக்கும். நோயை எதிர்த்து மடியில் திரண்ட வெள்ளணுக்களைக் கரைசலிலுள்ள சலவைப்பொருள் சிதைக்க, அவற்றின் டி.என்.ஏ. வெளிப்பட்டு இழைகளாகப் பின்னிக்கொள்வதே இதற்குக் காரணம். களப்பணியாளர் நெடுங்காலமாகவே மூலக்கூறு ஒன்றைச் சான்றாகக் கொண்டு நோயைக் கண்டறிந்து வருகின்றனர் எனலாம்.

அத்தகைய சான்றுகளுள் மற்றொன்று ஹாப்டோகுளோபின் என்னும் புரதம். நலமுள்ள மாட்டின் இரத்தத்தில் இது காண்பதற்கரிது. கிருமித் தாக்குதலோ காயமோ நேர்ந்தால் கல்லீரல் இதனை மிகுதியாக உண்டாக்குகிறது. ஓரிரு நாட்களில் நூறு மடங்குக்கு மேல் உயர்வதும் உண்டு. ஆயினும் அழற்சி உண்டு என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறாது. அழற்சி மடியிலா, கருப்பையிலா, குளம்பிலா என்பதைக் கையாலும் கண்ணாலுமே தேடவேண்டும். மனிதர்க்கு மருத்துவர் பெரிதும் நம்பும் சி-வினைப் புரதம் மாட்டுக்கு அவ்வளவாகப் பயன்படாததையும் ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

அச்சத்தையும் துன்பத்தையும் அளப்பது இதனினும் கடினம். அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் உயர்வது. மாட்டைத் துரத்திப் பிடித்துக் கயிற்றால் இறுக்கிக் கழுத்துச் சிரையில் ஊசியைச் செலுத்துவதற்குள் அது உயர்ந்துவிடும். அங்ஙனம் அளக்கப்படுவது கொட்டிலின் துன்பமன்று. அளப்பவர் விளைத்த துன்பமே. மேலும், ஓட்டத்தாலும் கன்று ஈனுவதாலும்கூட இது உயரும். உயர்வு கண்ட இடமெல்லாம் கொடுமை என்று எழுதிவிடலாகாது.

ஆதலின் ஆராய்ச்சியாளர் சாணத்தையும் மயிரையும் நாடினர். கார்ட்டிசால் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சாணத்தில் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைக் காட்டும். மயிரோ பல வாரங்களின் கணக்கை வைத்திருக்கும். வால் நுனி மயிரைக் கத்தரித்து நாளைக் குறித்துக்கொண்டு, மூன்று திங்கள் கழித்து அதே இடத்தில் முளைத்த புதுமயிரைக் கத்தரித்தால், அவ்விடைக்காலத்தின் நிலை மட்டும் தனியே கிடைக்கும். இதற்கு ஊசி வேண்டியதில்லை. மயிரைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டியதுமில்லை.